மவுஸுக்கு எத்தனை அங்குலம்?

பதிவு கொஞ்சம் நீளம். நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஓடும் விவாதத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட என் கட்டைவிரல் ஒத்துழைக்காது. அதனால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

குழுவில் இல்லாதவர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளியின் கணினி அறைக்குப் புது மேசை போட பழைய மாணவர்கள் பணம் திரட்டியிருக்கிறீர்கள். ராயப்பேட்டையில் இடம் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கு இன்னொரு அறை கிடைக்கப் போவதில்லை. இருக்கிற அறை 20 அடி நீளம். இரண்டு பக்கச் சுவரை ஒட்டியும் மேசை. ஆசாரி கொடுத்த வரைபடத்தில் ஓர் இருக்கைக்கு 2 அடி. சுவருக்குப் பத்து, ஆக மொத்தம் இருபது. மேசைக்கு அடியில், இழுத்தால் வெளியே வருகிற கீபோர்டு தட்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. மானிட்டர் வரைந்திருக்கிறார், சிபியு வைக்கும் பெட்டி வரைந்திருக்கிறார், கீபோர்டு கூட வரைந்திருக்கிறார். மவுஸ் மட்டும் அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

கணக்கு வாத்தியார் ஆயிற்றே, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2 அடி என்பது 24 அங்குலம். பக்கப் பலகை, தட்டு ஓடும் சேனல் எல்லாம் போனால் தட்டின் அகலம் 21 அங்குலம். எண்பட்டையோடு வருகிற முழு அளவு கீபோர்டு 45 செ.மீ., ஏறத்தாழ பதினேழரை அங்குலம். மிச்சம் மூன்றரை. மவுஸே இரண்டரை அங்குல அகலம். ஆக அது நகர்வதற்குக் கிடைப்பது ஒரே ஒரு அங்குலம்! பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மவுஸைத் தூக்கி மேல் பலகையில் வைத்துக்கொள்வார்கள். கீபோர்டு கீழே, மவுஸ் மேலே. இடது கை மடியருகே, வலது கை தோளுயரத்தில். ஏழாம் வகுப்புப் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாற்பது நிமிடப் பீரியடுக்கு இது பெரிய விஷயமா என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நாற்பது நிமிடத்துக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. பைகிராப்ட்ஸ் சாலை பக்கம் சந்து ஒன்றில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் நம் மாணவர் ஒருவர் (பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும்) பத்து வருடத்துக்கு மேலாக இதே மாதிரி மேசையில் கல்யாணப் பத்திரிகையும் புத்தகமும் வடிவமைக்கிறார். மேசையில் பிரிண்டர், புரூப் கட்டு, டீ கிளாஸ் போக மவுஸுக்கு ஓர் உள்ளங்கை அளவு இடம். போன மாதம் பார்த்தபோது வலது தோளைப் பிடித்துக்கொண்டேதான் பேசினார். "வயசாகுது சார்" என்றார். அவருக்கு இன்னும் நாற்பத்தைந்து ஆகவில்லை! இ-சேவை மையத்திலும் மருந்துக் கடை பில்லிங் மேசையிலும் போய்ப் பாருங்கள். ரேகை வைக்கும் கருவிக்கு இடம் இருக்கும், ரசீது மெஷினுக்கு இடம் இருக்கும், கைக்கு மட்டும் இருக்காது.

குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, ஓர் இருக்கைக்கு 3 அடி கொடுங்கள் என்கிறது. சுவருக்கு ஆறுதான் வரும், ஆக மொத்தம் பன்னிரண்டு. வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஒரு கணினிக்கு மூன்று, நான்கு பேர். நான்காவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். வகுப்பில் கடைசியாக நிற்பது எந்தப் பிள்ளை என்று முப்பது வருடம் பார்த்தவன் நான். இருபதைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொரு கட்சி, ரிச்சி தெருவில் குட்டி மவுஸ் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறது. குட்டி மவுஸ் வாங்கினால் மவுஸ்தான் குட்டியாகும். அது போக வேண்டிய தூரம் குட்டியாகாது. கை பெரிதாக இருப்பவர்களுக்கு விரல் மடங்கி வலிதான் மிச்சம்.

தூரத்தைக் குறைப்பது எப்படி? இங்கேதான் எளிய வகுத்தல் கணக்கு வருகிறது. மவுஸ் பெட்டியின் மேல் டிபிஐ என்று ஓர் எண் போட்டிருக்கும். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கை கணினிக்குப் போகிறது என்பதுதான் அது. இன்றைய சாதாரணத் திரையின் குறுக்கே 1920 புள்ளிகள். வேக அளவுகோல் நடுவில் இருந்தால் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். 400 டிபிஐ மவுஸ் என்றால் அம்புக்குறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக 4.8 அங்குலம், அதாவது 12 செ.மீ. கை நகர வேண்டும். 800 என்றால் 6 செ.மீ. 1600 என்றால் 3 செ.மீ. போதும். இப்போது வரும் பல மவுஸ்களில் நடுச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பொத்தான் இதை மாற்றத்தான். அது எதற்கு என்று தெரியாமலே நிறையப் பேர் வருடக்கணக்காகக் கையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொத்தான் இல்லாத மவுஸ் என்றாலும் விண்டோஸ் அமைப்பில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். செலவு பூஜ்யம்.

இடம் போதாதபோது நாம் மவுஸைத் தூக்கி, பழைய இடத்தில் வைத்து, மறுபடி தள்ளுகிறோம் அல்லவா? கிணற்றுக் கயிறு இழுப்பது மாதிரி. ஒரு நாளில் அது எத்தனை நூறு முறை என்று டிடிபிகாரரை எண்ணச் சொல்லிப் பாருங்கள். தூக்கும்போதெல்லாம் விரல்கள் மவுஸை இறுக்கிப் பிடிக்கின்றன. மணிக்கட்டுக்கு வேண்டாத வேலை.

வேகத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வேறொரு தொந்தரவு உண்டு. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதி சொன்னார்: தொட வேண்டிய இலக்கு தூரமாகவும் சின்னதாகவும் ஆக ஆக, கைக்கு நேரம் அதிகம் பிடிக்கும். அம்புக்குறி பறக்கும் வேகத்தில் இருந்தால் மூலையில் இருக்கும் சின்னப் பெருக்கல் குறியைப் பிடிப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடும். என் வயதுக்காரர்களுக்குக் கை நடுக்கம் வேறு. இதற்கும் விண்டோஸிலேயே வழி இருக்கிறது, அம்புக்குறியின் துல்லியத்தைக் கூட்டுவது என்ற பொருளில் ஒரு கட்டம். அதில் டிக் போட்டால், கை வேகமாகத் தள்ளும்போது அம்புக்குறி கூடுதல் தூரம் ஓடும். மெதுவாக நகர்த்தினால் அடக்கமாக நடக்கும். ஒரே உள்ளங்கை இடத்தில் ஓட்டமும் உண்டு, நிதானமும் உண்டு. பேரப்பிள்ளைகள் கேம் ஆடுவதற்காக முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்துவிடுவார்கள். துப்பாக்கி குறி தவறுகிறதாம். அவர்களுக்கு மேசை முழுக்க விரித்துப்போட ஒரு முழ மேட் இருக்கிறது, எடுக்கட்டும். நம் பள்ளி அறையில் அந்த டிக் இருக்க வேண்டும்.

அடுத்தது கீபோர்டு. இடத்தைத் திருடுவது உண்மையில் அதுதான். வலது பக்கம் இருக்கும் எண்பட்டையை வங்கியிலும் கணக்கர் அலுவலகத்திலும் பயன்படுத்துவார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு? அது இல்லாத கீபோர்டு 36 செ.மீ.தான், சுமார் 14 அங்குலம். இழுக்கும் தட்டை எடுத்துவிட்டு, மேசையையே கொஞ்சம் தாழ்த்தி, கீபோர்டும் மவுஸும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். 24-இல் 14 போனால் 10 அங்குலம். தாராளம்! கையும் உடம்பை விட்டு விலகாமல் இருக்கும்.

தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலது கைப் பக்கம். க, ப, ம, த, ந, ய எல்லாம் நடு வரிசையில் வலது விரல்களுக்கு அடியிலேயே இருக்கும். விரல் அதிகம் அலையக் கூடாது என்று நம் ஆட்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தது. அவ்வளவு யோசித்துக் காப்பாற்றிய வலது கையை, மவுஸுக்காக நிமிடத்துக்கு நாலு தடவை கோடிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் மவுஸை இடது பக்கம் வைத்துப் பழகலாம். எண்பட்டை இருக்கிற கீபோர்டில்கூட இடது பக்கம் எப்போதும் காலிதான். பத்து நாள் தடுமாறும், பிறகு சரியாகிவிடும். நான் இரண்டு வருடமாக அப்படித்தான். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. சுவரோடு ஒட்டிய கடைசி இருக்கையை அவர்களுக்குக் கொடுக்கிற வழக்கத்தையும் அப்படியே விட்டுவிடலாம்.

மவுஸ் என்ற கருவியின் பிறப்பே இந்த இடப் பிரச்சினையைக் கண்டுகொள்ளாததுதான். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பர்ட் யோசித்து, பில் இங்கிலீஷ் மரக்கட்டையில் செய்த முதல் மவுஸின் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். 1968 டிசம்பர் 9 அன்று உலகத்துக்குக் காட்டினார்கள். ஆராய்ச்சிக்கூட மேசை, இடத்துக்கு என்ன பஞ்சம்? ஆனால் அதற்கும் முன்னாலேயே, 1952 வாக்கில், கனடா கடற்படைக்காக வேலை செய்தவர்கள் வேறு மாதிரி செய்திருந்தார்கள். கருவி நகராமல் ஒரே இடத்தில் இருக்கும். அதன் மேல் இருக்கும் பந்தை மட்டும் கை உருட்டும். பந்துக்கு எங்கே போவது? பௌலிங் விளையாட்டுப் பந்தையே வைத்துவிட்டார்கள்! இன்று டிராக்பால் என்று கடையில் கிடைப்பது அதன் பேரப்பிள்ளை. கருவி நகராததால் ஓர் உள்ளங்கை இடம் போதும். விலை சாதாரண மவுஸைப் போலப் பல மடங்கு. அதனால் இருபது வாங்கச் சொல்ல மாட்டேன். கை வலி உள்ள பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் என்று இரண்டு வாங்கி வைக்கலாம். டிடிபி மாணவருக்கு ஒன்று வாங்கிக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன். வைத்தியர் பீஸை விடக் குறைவுதான்.

மடிக்கணினியே வாங்கிவிடலாமே என்று சிங்கப்பூரிலிருந்து என் தங்கை மகன் எழுதியிருந்தான். 2011-இலிருந்து அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளை மேசையே இல்லாத வீடுகளில் பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு வைத்துப் படித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொடுபட்டை அங்கே பெரிய உதவி. படம் வரைய, பக்கம் வடிவமைக்க, ஒன்றைப் பிடித்து நெடுந்தூரம் இழுக்க அது சரிப்படாது. அதோடு நம்மிடம் திரண்ட பணம் மேசைக்குத்தான் வரும்.

மேல் பலகைக்குப் பளபளக்கும் சன்மைக்காவும் கண்ணாடியும் வேண்டாம். ஒளியில் ஓடும் சாதாரண மவுஸ் கண்ணாடி மேல் வழி தெரியாமல் நிற்கும். அப்படிப்பட்ட மேசை வீட்டில் ஏற்கனவே இருந்தால் பரீட்சை அட்டையைக் கவிழ்த்துப் போடுங்கள், அருமையான மேட். மேசையே இல்லாவிட்டால் அதையே மடியில் வைத்துக்கொள்ளலாம். (செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய்க் கணினியைப் பார்த்த தலைமுறைக்கு நினைவிருக்கும்: அப்போதெல்லாம் மவுஸுக்குள் ரப்பர் பந்து. நம் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பந்து காணாமல் போகும். எடுத்தவர்கள் யார் என்று எனக்கு அப்போதே தெரியும். இருவர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள்.)

ஆசாரி திங்கட்கிழமை பலகை அறுக்கத் தொடங்குகிறார். அதனால் ஞாயிறு மாலைக்குள் குழுவில் சொல்லிவிடுங்கள். என் கோரிக்கை: இருபது இருக்கை அப்படியே இருக்கட்டும். இழுக்கும் தட்டு வேண்டாம். அதில் மிச்சமாகும் பணத்தில் எண்பட்டை இல்லாத கீபோர்டு. மேசையின் உயரத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை உட்காரவைத்து அளந்து முடிவு செய்யட்டும், நானே வந்து நிற்கிறேன். கணினிகளை இணைக்கும் அன்று, இருபதிலும் மவுஸ் வேகத்தைச் சரிசெய்து அந்த டிக்கைப் போட்டுவைக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு மணி நேர வேலை. மணிக்கூண்டு பக்கம் குடியிருப்பவர்கள் யாராவது கை தூக்குங்கள். டிபன் என் செலவு.