இரைப்பையின் கிருமியும் வாயின் கிருமியும்

நெஞ்சு கரித்தால் சீரகத் தண்ணீர். வயிறு உப்பினால் ஓமம். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரை. முதியோர் வாழும் இல்லங்களில் பெரும்பாலும் இதுவே நடைமுறை. பல நேரங்களில் இதனால் கெடுதல் ஏதும் நேர்வதில்லை. ஆயினும், ஆண்டுக்கணக்கில் தொடரும் அஜீரணத்தின் பின்னால் ஒரு கிருமி குடியிருக்கக்கூடும் என்பதையும், அது நாளடைவில் இரைப்பைப் புற்றுநோய்க்கு வழி வகுக்கக்கூடும் என்பதையும் மருத்துவ உலகமே சற்றேறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்புதான் அறியத் தொடங்கியது.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. உணவோடு உள்ளே செல்லும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அது அழித்துவிடும். எனவே அங்கே எக்கிருமியும் நிலைத்து வாழ இயலாது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. வயிற்றுப் புண்ணுக்கு மனக்கவலையும் காரமும் மிகை அமிலமுமே காரணம் என்று கூறி வந்தனர். 1979-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் பணியாற்றிய ராபின் வாரன் என்னும் நோய்க்குறியியல் மருத்துவர், நோயாளியின் இரைப்பையிலிருந்து எடுத்த திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வளைந்து சுருண்ட வடிவுடைய கிருமிகள் திரளாக இருப்பதைக் கண்டார். தொடர்ந்து பார்க்கப் பார்க்க, அக்கிருமிகள் உள்ள இரைப்பைகளில் அழற்சியும் உடனிருப்பதை உணர்ந்தார்.

1981-இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் இணைந்தார். அக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இருவரும் செய்த முயற்சிகள் மீண்டும் மீண்டும் வீணாயின. இரண்டு நாள்களில் ஏதும் வளராவிட்டால் தட்டைக் கழித்துவிடுவது அக்கால வழக்கம். 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது எடுத்துப் பார்ப்பார் இன்றி ஒரு தட்டு சில நாள்கள் கூடுதலாக அப்படியே இருந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! மெல்ல வளரும் அக்கிருமிக்குக் கூடுதல் அவகாசம் மட்டுமே தேவைப்பட்டிருந்தது.

அப்போதும் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமி நிறைந்த திரவத்தைத் தாமே அருந்தினார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் தோன்றின. அவருடைய இரைப்பையில் அழற்சி உண்டாகியிருந்தது சோதனையில் உறுதியாயிற்று. அக்கிருமியே இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அழைக்கப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் அதனைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அமிலத்தில் இக்கிருமி எவ்வாறு பிழைக்கிறது? யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து, இரைப்பையில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகிறது. அந்த அம்மோனியா அமிலத்தின் கடுமையைத் தணித்து, கிருமியைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையத்தை அமைக்கிறது. பின்னர் இரைப்பைச் சுவரின் மேலுள்ள கோழைப் படலத்தைத் துளைத்துச் சென்று அங்கே தங்கிவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் குடும்பத்தினரிடமிருந்தே தொற்றும் இது, மருத்துவம் செய்யாவிட்டால் வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும்.

தொற்று உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு எந்தத் துன்பமும் தோன்றுவதில்லை. நூறு பேரில் ஒருவர் முதல் மூவருக்கே புற்றுநோய் வரை செல்லும் என்று கணித்துள்ளனர். எனவே அச்சம் தேவையில்லை, அறிந்திருத்தல் தேவை. அந்தச் சிலரிடம் நோய் படிப்படியாக நகர்கிறது. முதலில் நீடித்த அழற்சி. பல ஆண்டுகளில் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் நலிந்து தேய்கின்றன. அடுத்து, இரைப்பையின் உட்சுவர் தன் இயல்பை இழந்து குடலின் உட்சுவரைப் போல் மாறுகிறது. அதன் பின்னரே புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களும் புற்றுநோயும் தோன்றுகின்றன. இதற்கு இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம்.

வாயில் வாழும் கிருமிகளுக்கு இடம் கிடைப்பது இந்தப் பயணத்தின் நடுவில்தான். மனித வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் உமிழ்நீர் விழுங்கப்படுகிறது. அதனுடன் அவையும் இரைப்பையை அடைகின்றன. நலமான இரைப்பையின் அமிலம் அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். சுரப்பிகள் தேய்ந்து அமிலம் குறைந்த இரைப்பையிலோ அவை தங்கிப் பெருக இயலும். வியப்பு என்னவெனில், சுரப்பிகள் மிகவும் தேய்ந்த நிலையில் ஹெலிகோபாக்டர் பைலோரியே அங்கு வாழ இயலாமல் குறைந்து மறையக்கூடும். காவலை உடைத்த கிருமி விலக, வேறு கிருமிகள் குடியேறுகின்றன.

இரைப்பைப் புற்றுநோய் உற்றோரின் திசுக்களில் ஈறு நோயோடு தொடர்புடைய சில வாய்க்கிருமிகள் மிகுதியாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் தெரிவித்துள்ளன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆன்ஜினோசஸ் என்னும் வாய்க்கிருமியை எலிகளுக்குக் கொடுத்தபோது, இரைப்பையில் அழற்சியும் சுரப்பித் தேய்வும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களும் உண்டானதை ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டனர். இது எலிகளில் கண்ட முடிவு. மனிதரிடத்தில் வாய்க்கிருமிகள் நோயைத் தோற்றுவிக்கின்றனவா, நோயுற்ற இடத்தில் வந்து சேர்கின்றனவா என்பது இன்னும் முற்றிலும் தெளிவாகவில்லை. ஆகவே, பல் துலக்கினால் இரைப்பைப் புற்றுநோய் வராது என்று எவரேனும் உறுதி கூறினால் அதனை ஏற்க வேண்டியதில்லை. ஈறும் பல்லும் காக்கப்பட வேண்டியதற்கு வேறு பல காரணங்கள் உள்ளன. இஃது அவற்றோடு சேரும் மற்றொன்று.

ஹெலிகோபாக்டர் பைலோரியைப் பொறுத்தவரை சான்று மிக வலுவானது. சீனாவின் ஷான்டாங் மாநிலத்தில் லின்சூ பகுதி இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த இடம். அங்கே 1995-இல் தொற்று உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் மட்டுமே மருந்து கொடுத்து, 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். மருந்து உண்டவர்களிடையே இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. சுரப்பிகள் தேய்வதற்கு முன்னரே கிருமியை நீக்கினால் பயன் இன்னும் மிகுதி என்பதே மருத்துவர்களின் கருத்து.

முதியோர் இதிலிருந்து கொள்ள வேண்டியவை சில. நீடித்த அஜீரணம் உள்ளவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களும் கிருமிப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது நன்று. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை ஆகியவை வலியற்றவை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை உண்டு வந்தால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். எனவே என்னென்ன மாத்திரைகள் உண்கிறோம் என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் உண்போருக்கு இரைப்பையைக் காக்கவே அம்மாத்திரை தரப்பட்டிருக்கலாம். அதனைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

கிருமி இருப்பது உறுதியானால், வழக்கமாகப் பதினான்கு நாள்கள் சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் தரப்படும். வாய்க் கசப்பும் வயிற்றுப் பிரட்டலும் தோன்றலாம். அதற்காக இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு மசியாதவையாக மாறிவிடக்கூடும். மருந்து முடிந்து நான்கு வாரங்களுக்குப் பின், கிருமி நீங்கிவிட்டதா என்று மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

அறுபது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் அஜீரணம், காரணமின்றி உடல் மெலிதல், சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், விழுங்குவதில் சிரமம், ஓயாத வாந்தி, கருநிற மலம், இரத்தசோகை ஆகியவற்றை வயதின் இயல்பு என்று ஒதுக்கிவிடலாகாது. இவற்றுக்கு எண்டாஸ்கோபி பரிசோதனை தேவைப்படலாம். தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட இரைப்பைப் புற்றுநோயைக் குணப்படுத்த இயலும்.

உணவில் உப்பைக் குறைத்தல் வேண்டும். மிகை உப்பு இரைப்பையின் உட்சுவரை நலிவித்துக் கிருமிக்குத் துணை செய்கிறது. ஆகவே ஊறுகாய், வற்றல், அப்பளம் ஆகியவை அளவோடு இருக்கட்டும். காய்களும் கனிகளும் நாள்தோறும் இடம்பெறட்டும். புகையும் புகையிலையும் அறவே வேண்டாம். காலையும் இரவும் பல் துலக்கி, பல்செட் அணிவோர் இரவில் அதனைக் கழற்றித் தூய்மை செய்து வைப்பது அவசியம். ஈற்றில் இரத்தம் கசிந்தால் பல் மருத்துவரைக் காண வேண்டும்.

பேரக்குழந்தைகளுக்கு உணவூட்டும் தாத்தா பாட்டியர் தம் வாயில் மென்று ஊட்டுவதையும், தாம் சுவைத்த கரண்டியாலேயே ஊட்டுவதையும் தவிர்க்க வேண்டும். கைகளைச் சோப்பினால் கழுவிய பின்னரே பிசைந்து ஊட்ட வேண்டும். அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வது பெரும்பாலும் இந்த இளம் பருவத்தில்தான். மூத்தோர் தம் இரைப்பையைப் பரிசோதித்துக் கொள்வதும் ஊட்டும் கரண்டியைத் தனியே வைப்பதும் அந்தக் குழந்தையின் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய நலனுக்கும் சேர்த்துச் செய்யும் காப்பாகும்.