புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

மைசூரு, ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் யாராவது ‘திப்பு காசு’ என்று ஒரு செப்புக் காசை நீட்டினால், யானை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பின்னால் வந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் காசிலும் யானை நிற்கிறது. காசைத் திருப்புங்கள். திப்பு காசு என்றால் பாரசீக எழுத்தில் அக்கசாலையின் பெயர் இருக்கும்: ‘பட்டன்’ என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம், ‘நகர்’ என்றால் பெதனூர். தன் ஆட்சியில் திப்பு சுல்தான் கொண்டுவந்த ‘மௌலூதி’ என்னும் ஆண்டுக் கணக்கின் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

தந்தை ஹைதர் அலியின் பொன் வராகன் இன்னும் சுவை. ஒரு பக்கம் சிவனும் பார்வதியும். மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே ஹைதர் பெயரின் முதலெழுத்து. 1763இல் பெதனூரைப் பிடித்தவர், அங்கே புழங்கிய காசின் தெய்வ உருவத்தில் கை வைக்கவில்லை. கடைவீதி நம்பிய முகத்தைக் கலைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் கணக்காக இருக்கலாம்.

இத்தனை கதையும் மயிரிழை ஆழத்தில்தான் பதிந்திருக்கிறது. பளபளப்புக்கு ஆசைப்பட்டுப் புளி போட்டுத் தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும். மிஞ்சுவது வெறும் செம்பு. பழங்காசு கைக்கு வந்தால் விளக்க வேண்டாம், பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.