அக்ராய்டுக்கு நீதி கிடைத்ததா?

அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டின் கொலை' 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நூலாக வெளிவந்தது. ஹெர்குல் பாய்ரோ என்னும் பெல்ஜிய நாட்டுத் துப்பறிவாளர் தோன்றும் மூன்றாவது நாவல் அது. அதன் பின்னர் ஐம்பதாண்டுக் காலம் அவ்வரிசை நீண்டு, முப்பத்து மூன்று நாவல்களாகப் பெருகியது. அத்தனையிலும் வாசகர்கள் மிகுதியாகச் சண்டையிட்டுக் கொண்டது இந்த ஒரு நாவலைக் குறித்துத்தான். அந்தச் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. எனினும், ஏறத்தாழ நூறாண்டுகளாக நடந்துவரும் இவ்வழக்கில் வாதிகளும் பிரதிவாதிகளும் ஒருங்கே தவறான இடத்தில் நின்று வாதாடுகின்றனர் என்பதே என் துணிபு. அதனை நிறுவுவதற்கு நாவலின் முடிவைச் சொல்லியே ஆகவேண்டும். இன்னும் படிக்காத அன்பர்கள் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொண்டு, நாவலை முடித்துவிட்டு மீண்டும் வருக.

கதை நிகழ்வது கிங்ஸ் அபட் என்னும் ஆங்கிலக் கிராமத்தில். திருமதி ஃபெரர்ஸ் என்ற விதவை, வெரோனால் என்னும் தூக்க மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு இறந்துபோகிறார். கொடியவனான தன் கணவனை அவரே நஞ்சூட்டிக் கொன்றவர். அந்த இரகசியத்தை அறிந்த ஒருவன் அவரை மிரட்டிப் பெரும்பணம் பறித்து வந்திருக்கிறான். அவனுடைய பெயரைத் தாங்கிய கடிதம், விதவையை மணக்கவிருந்த செல்வர் ரோஜர் அக்ராய்டின் கைக்கு வந்து சேருகிறது. அன்றிரவே அவர் தம் படிப்பறையில் குத்துண்டு மாள்கிறார். கதையை நமக்குச் சொல்லிவருபவர் ஊர் வைத்தியரான டாக்டர் ஷெப்பர்ட். ஊரார் நம்பும் மனிதர். பாய்ரோவின் அண்டை வீட்டுக்காரர். துப்புத் துலக்குவதில் அவருக்குத் துணையாகவும் நிற்பவர். மிரட்டியவரும் கொன்றவரும் அவரேதாம் என்பது கடைசியில் வெளியாகிறது.

"ஏமாற்றப்பட்டோம்!" என்று வாசகர்கள் கூக்குரலிட்டனர். காரணம் இல்லாமலில்லை. முந்திய இரண்டு பாய்ரோ நாவல்களிலும் கதையைச் சொன்னவர் கேப்டன் ஹேஸ்டிங்ஸ். மந்த புத்தியுடையவராயினும் பொய்யறியாதவர். அவருடைய நாற்காலியில் ஷெப்பர்ட் அமர்ந்ததும், ஹேஸ்டிங்ஸுக்கு அளித்த நம்பிக்கையை வாசகர்கள் அவருக்கும் அப்படியே அளித்துவிட்டனர். வில்லர்ட் ஹன்டிங்டன் ரைட் என்ற அமெரிக்க விமர்சகர் 1927ஆம் ஆண்டு இம்முடிவை முறைகேடானது என்று தீர்ப்பளித்தார். எஸ்.எஸ். வான் டைன் என்ற புனைபெயரில் தாமே துப்பறியும் நாவல்கள் எழுதியவர் அவர். மறு ஆண்டு டாரதி எல். சேயர்ஸ் அம்மையார் கிறிஸ்டிக்காக வழக்காடினார். ஏமாந்தவர்களுக்கு இயல்பாக எழும் எரிச்சலே இந்தக் கண்டனம் என்றும், எவரையும் விட்டுவைக்காமல் ஐயுறுவது வாசகரின் கடமை என்றும் அவர் வாதித்தார். 1929இல் ரொனால்டு நாக்ஸ் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்கெனப் பத்து விதிகள் வகுத்தார். எவனுடைய எண்ணங்களை வாசகர் பின்தொடர்ந்து செல்ல அனுமதிக்கப்படுகிறாரோ, அவன் குற்றவாளியாக இருத்தலாகாது என்பது முதல் விதியிலேயே அடங்கியுள்ளது.

இந்த வழக்கில் நான் சேயர்ஸ் அம்மையாரின் பக்கமே. ஷெப்பர்ட் ஓரிடத்திலேனும் நம்மிடம் வெளிப்படையாகப் பொய்யுரைக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். கடிதங்கள் அறைக்குள் வந்தது எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு என்கிறார். தாம் வெளியேறியது எட்டு ஐம்பதுக்கு என்கிறார். அப்போதும் கடிதம் படிக்கப்படாமலே இருந்தது என்கிறார். மூன்றும் உண்மை. இடைப்பட்ட பத்து நிமிடத்தில் நடந்தது என்ன என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சாட்சி மறைத்தான் என்று குறை கூறுவோர், குறுக்கு விசாரணை செய்ய மறந்த தம் குறையையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அன்றோ? வைத்தியர், படித்தவர், பண்பாகப் பேசுபவர் என்ற மாத்திரத்தில் அவருடைய வாக்கைச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்ட பிழை நம்முடையது. அந்தப் பிழையை நமக்கே எடுத்துக் காட்டியதுதான் இந்நாவலின் பெருமை. 2013ஆம் ஆண்டு பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தினர் தம் துறையின் தலைசிறந்த நாவலாக இதனைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

ஆனால், அத்துடன் வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. உண்மையில் அது தொடங்கவேயில்லை. 'நேர்மை', 'முறைகேடு', 'வஞ்சனை' என்று வாசகர்கள் கையாண்ட சொற்களைக் கவனியுங்கள். எல்லாம் அறத்தின் சொற்கள். அவற்றை எதன்மீது வீசினார்கள்? ஆசிரியை வாசகரிடம் நேர்மையாக ஆடினாரா என்பதன்மீது. நாவலுக்குள்ளே நீதி எப்படி நடந்தது என்று பார்க்க அந்தச் சொற்களை எடுத்தவர் மிகச் சிலரே.

கடைசி அத்தியாயங்களில் நடப்பது இது. பாய்ரோ ஷெப்பர்டைத் தனியே இருத்தி, குற்றத்தை அவர் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கிறார். மறுநாள் காலை உண்மை போலீஸாரிடம் சென்றுவிடும் என்கிறார். அதற்குள் தூக்க மருந்தின் வழியாக ஒரு விடுதலை உண்டு என்பதையும் குறிப்பால் உணர்த்துகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் ஷெப்பர்டின் தமக்கை கரோலின். அந்த நல்லம்மையாருக்கு அவமானம் நேரலாகாது என்பது. ஷெப்பர்ட் இரவெல்லாம் அமர்ந்து தம் வாக்குமூலத்தை எழுதி முடிக்கிறார். பின்னர் வெரோனாலை நாடுகிறார்.

திருமதி ஃபெரர்ஸை மாய்த்த அதே மருந்து அவரைத் துரத்தியவனையும் மாய்க்கிறது. என்ன பொருத்தம் என்று பாராட்டுவோர் உண்டு. பொருத்தமாம்! ஒருத்தி மாதக்கணக்கில் மிரட்டலுக்கு அஞ்சி அஞ்சி, போக்கிடமின்றி அந்தப் புட்டியைத் தொட்டாள். மற்றவரோ மேசையில் சாவகாசமாக அமர்ந்து, தம் திறமையைத் தாமே மெச்சி எழுதிவிட்டு, வேண்டிய நேரத்தில் அதைத் தொடுகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

அன்றைய இங்கிலாந்தில் கொலைக்குத் தண்டனை தூக்கு. அந்தத் தண்டனையை நான் விரும்பிக் கேட்கவில்லை. 1965இல் அந்நாடே அதை நிறுத்திவைத்து, 1969இல் கொலைக்குற்றத்திற்கு நிரந்தரமாக ஒழித்துவிட்டது. நான் கேட்பது தூக்குக்கயிற்றை அன்று, பகிரங்கமான விசாரணையை. அக்ராய்டின் மனைவிக்கு முன்மணத்தில் பிறந்த ரால்ஃப் பேட்டன் என்ற இளைஞன்மீது ஊரே பழி சுமத்தியது. அப்படிச் சுமத்தும்படி அவனுடைய காலணித் தடத்தைச் சன்னலில் பதித்தவர் ஷெப்பர்ட். உதவுவதுபோல் அவனை ஒளித்துவைத்து, ஓடிப்போனவன் என்ற பெயரை வாங்கித் தந்தவரும் அவரே. பகிரங்கமாகச் சூட்டிய பழி பகிரங்கமாகவே துடைக்கப்பட வேண்டும். கொலைகாரரின் கையெழுத்துப் படி ஒன்றினால், அதிகாரிகளின் அறைக்குள், ஓசைப்படாமல் துடைக்கப்படுவது பாதி நீதியே.

இன்னொரு கேள்வியும் உண்டு. அக்ராய்டின் வீட்டில் பார்க்கர் என்றொரு பட்லர் இருக்கிறான். முன்னொரு எஜமானரிடம் மிரட்டிப் பணம் பறித்தவன் என்பதால் சந்தேகம் அவன்மீதும் படர்கிறது. போலீஸாரும் மற்றவரும் அவனை நடத்தும் விதத்தைப் பாருங்கள். கொன்றவன் அவனாக இருந்திருந்தால், பாய்ரோ அவனுக்கும் ஓர் இரவு அவகாசம் கொடுத்திருப்பாரா? அவனுக்கும் ஒரு தமக்கை இருக்கலாமே என்று எண்ணியிருப்பாரா? விலங்கோடு அவனை அழைத்துச் செல்லும் காட்சியில் நாவல் முடிந்திருக்கும். வாசகர் எவரும் முகம் சுளித்திருக்கமாட்டார். வைத்தியருக்கு ஒரு நீதி, பட்லருக்கு ஒரு நீதி என்ற இந்த வேறுபாட்டைக் காணாமல், எட்டு ஐம்பதுக்கும் எட்டு நாற்பதுக்கும் உள்ள வேறுபாட்டையே கணக்கிட்டுக் கொண்டிருந்தோம்.

"துப்பறியும் கதை வெறும் விளையாட்டு, அதில் போய் நீதியைத் தேடலாமா?" என்று சிலர் நகைக்கக்கூடும். எட்மண்ட் வில்சன் அப்படித்தான் நகைத்தார். 1944இல் 'தி நியூயார்க்கர்' இதழில் துப்பறியும் நாவல்களை அவர் சாடியதும் வாசகர்களின் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 1945 ஜனவரியில் அவர் எழுதிய மறுமொழிக்குத் தலைப்பே, ரோஜர் அக்ராய்டைக் கொன்றவர் யாராயிருந்தால் யாருக்கென்ன என்பது. போதைப் பழக்கம்போன்ற ஒரு வாசிப்பு இது என்பது அவர் தீர்ப்பு. தாக்கியவரும் தாங்கியவர்களும் ஒன்றில் உடன்பட்டிருந்தனர்: இவ்வகை நாவலில் புதிரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதில். 1998இல் பிரெஞ்சுப் பேராசிரியர் பியேர் பயார், கொலையாளி ஷெப்பர்டே அல்லர், கரோலின்தான் என்று ஒரு நூலே எழுதினார். மிக்க சாதுரியமான நூல். ஆயினும் அவரும் புதிரைத்தான் மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

விளையாட்டு என்று தள்ளிவிடுவோர் அவ்வரிசையைத் தொடர்ந்து படித்துப் பார்க்கட்டும். 1934இல் வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நாவலில் பாய்ரோ இரண்டு விடைகளைச் சொல்லி, பொய்யான விடை போலீஸாரிடம் செல்ல இடங்கொடுக்கிறார். 1937இன் நைல் நதி நாவலில் குற்றவாளியிடம் இன்னொரு துப்பாக்கி இருப்பதை அறிந்தும் வாளா இருக்கிறார். 1975இல் வெளிவந்த இறுதி நாவலாகிய 'கர்ட்டன்' நூலில், சட்டத்தின் கைக்கு எட்டாத ஒருவனைத் தம் கையாலேயே சுட்டுக் கொல்கிறார். செய்தது சரியோ தவறோ என்ற கலக்கத்துடனே மடிகிறார். கிங்ஸ் அபட்டில் அவர் ஒருவருக்குக் காட்டிய அந்த மறைமுக வழி, ஐம்பது ஆண்டுகள் நடந்து இங்கே வந்து முடிகிறது. இறுதியில் பாய்ரோவைக் கலங்கவைத்த கேள்வியை வாசகர்களாகிய நாம் முதலிலேயே எழுப்பியிருக்க வேண்டும்.

கிறிஸ்டி அம்மையாரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. தம் துப்பறிவாளரைக் கடைசியில் அவரே விசாரித்துவிட்டார். அவருடைய வாசகர்கள்தாம் இன்னும் விசாரிக்கவில்லை. நீண்ட வரிசையில் வரும் நாயகனை நாம் வீட்டு மனிதனாகவே கொண்டுவிடுகிறோம். அவன் கெட்டிக்காரத்தனத்தில் சறுக்கினால் சீறுகிறோம். நீதியில் சறுக்கினால் கண்ணை மூடிக்கொள்கிறோம். ஷெப்பர்டை நம்பியது முதல் பிழை என்றால், பாய்ரோவை நம்பியது இரண்டாவது பிழை. முதற் பிழையை ஆசிரியை நமக்கு உணர்த்தினார். இரண்டாவதை உணர்வது நம் பொறுப்பு.

அன்பர்களே! அந்நாவலை மீண்டும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கொன்றவர் யார் என்பது தெரிந்தபின் படிக்கும்போதுதான் அது உண்மையில் தொடங்குகிறது. புத்தகத்தை மூடுகையில், "நான் ஏமாந்தேனா?" என்று கேளாதீர்கள். பழி சுமந்த ரால்ஃப் பேட்டனும், எளிதில் சந்தேகிக்கப்பட்ட பார்க்கரும், போக்கிடமின்றி மாய்ந்த திருமதி ஃபெரர்ஸும் உங்கள்முன் வந்து நின்றால், அவர்களுக்கு என்ன விடை சொல்வீர்கள் என்று கேளுங்கள்.