ஆய்வு நம் தாய்மார்களிடம், பலன் எங்கே?

புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் காரியம் என்று நாம் எண்ணுகிறோம். அது முழு உண்மையல்ல.

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. பணம் தந்தது அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளை. பயிற்சி பெற்ற நர்சுகள், 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களின் கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தவர்களுக்குச் சிகிச்சைக்கு வழி செய்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் அந்நோய்ச் சாவு, நடக்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியாயிற்று.

ஒப்பிடுவதற்காகச் சோதனையின்றி விடப்பட்ட ஊர்ப் பெண்களும் நம் மக்களே. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

திருவனந்தபுரம் மாவட்டத்திலும் 1996 முதல் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைச் சோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. குளிருக்கும் களைப்புக்கும் புகையிலை போடுவோர் நம் லயங்களில் குறைவா?

ஆய்வுக்கு வெளிநாட்டுப் பணம் வந்தது. பயிற்சிக்குப் பணம் தர வேண்டியவர்கள் கேரள அரசும் தோட்ட நிர்வாகங்களும்தான். எஸ்டேட்டில் படித்த நம் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள். தமிழில் பேசிச் சோதிக்கட்டும். சோதனை நாளுக்குக் கூலி கொடுங்கள். நோய் தெரிந்தால் மலையிறங்கிச் சிகிச்சை பெற வழி செய்யுங்கள்.

2015இல் போனசுக்காக மூணாறு வீதியில் அமர்ந்த தாய்மார்களே! அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்ப்போம்.