பந்து வீசும் பொறியும் பாடங் கேட்டலும்

பதுளைப் பகுதிப் பாடசாலையொன்றின் பழைய மாணவர் சிலர், தம் கல்விக்கூடத்துக்கு டென்னிஸ் பந்து வீசும் பொறியொன்றை வாங்கி அளிக்க எண்ணியுள்ளனர். எதிரே ஆடுவார் இன்றியே ஒரு மாணவன் நாள் முழுதும் பயிலலாம் என்பது அவர்கள் கூறும் சிறப்பு. நன்கொடை வேண்டி என்னிடமும் வந்தனர். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன கருத்து இருத்தல் கூடும் என்று அன்பர்கள் வினவலாம். உண்டு.

பொறியைப் பழிப்பது என் நோக்கமன்று. எதிரெதிராகச் சுழலும் இரு சக்கரங்களிடையே பந்து விழுகின்றது. அவை அதனைக் கவ்வி எறிகின்றன. ஒன்றன் வேகத்தை மிகுத்தால் பந்து சுழன்று பாயும். வேண்டின் நூறு முறையும் ஒரே இடத்தில் ஒரே விசையோடு வரும். புணர்ச்சி விதியில் மாணவன் பத்தாம் முறை பிழை செய்தாலே என் குரல் உயர்ந்துவிடுகிறது. பொறிக்கு அக்குறை இல்லை.

1920களிலேயே இத்தகைய பொறியொன்றை அமைத்தவர் பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்த். 1925இலும் 1928இலும் விம்பிள்டனில் வென்றவர். ஆயினும் அவர் தனியராய் வளர்ந்தவரல்லர். கோஷே, பொரோத்ரா, புருஞோன் என்னும் மூவர் உடனிருந்தனர். 1927இல் அமெரிக்காவிடமிருந்து டேவிஸ் கிண்ணத்தைப் பிரான்சுக்குக் கொணர்ந்தது அந்நால்வர் கூட்டு. நம்மவரான இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். அவருக்குத் தந்தையே ஆசான்.

ஆசிரியன் உரைத்ததை முற்றக் கொண்டாலும் புலமையிற் காற்பங்கே வாய்க்கும் என்கிறார் நன்னூலார். உடன் கற்பாரோடு பயில மற்றொரு கால். பிறர்க்கு உரைக்க எஞ்சிய அரை. பொறி தருவது அம்முதற் காலிலும் ஒரு சிறு கூறேயாம். அது பந்தைத் தருகிறதேயன்றிப் பிழையைச் சுட்டுவதில்லை. நாம் நில்லாத இடத்தை நோக்கி அடிக்கும் வஞ்சமும் அதற்கு இல்லை. ஆட்டமோ அவ்வஞ்சத்தை அறிவதில்தான் இருக்கிறது.

ஊவாத் தோட்டங்களில் துரைமார் பங்களாக்களை அடுத்து டென்னிஸ் திடல்கள் இருந்தன. என் தந்தையார் சிறுவராயிருந்தபோது அத்தகைய திடலொன்றிற் பந்து பொறுக்கியவர். ஆட்டக் கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். மட்டையைக் கையால் தொட்டதில்லை. எதிராள் வாராத மாலைகளில், துரை அடிப்பதற்கென்று இருட்டும்வரை பந்தை எறிந்து கொடுத்தவரும் அவரே. அத்திடலின் பந்து வீசும் பொறி என் தந்தையார்தாம். இதனை அவர் குறையாகச் சொன்னதில்லை, எனக்குத்தான் ஆறவில்லை.

நம் லயத்துப் பிள்ளைகளுக்கு எதிராடுவார் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. ஒரு லயத்தின் வாசலில் நின்று கூப்பிட்டால் பத்துப் பிள்ளைகள் ஓடிவருவர். இல்லாதவை மட்டையும் சமநிலமும். ஆடுதளத்தின் நீளமே 78 அடி. தேயிலைச் சரிவில் அவ்வளவு மட்டமான நிலம் எளிதிற் கிட்டாது. தனித்துப் பயிலவும் வேண்டுமாயின், ஒரு வெறுஞ்சுவரில் 3 அடி உயரத்தில் வெள்ளைக்கோடு இழுத்தால் வலையின் நடுவுயரம் அமைந்துவிடும். சுவர் நாம் அடித்த வண்ணமே திருப்பியடிக்கும், மின்சாரமும் கேளாது.

பழைய மாணவர்களிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். முகம் சற்றுச் சுருங்கிற்று. நன்கொடைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே தொகை எழுதாமல், இரண்டு மட்டைகள் என்று எழுதிக் கொடுத்தேன்.