தேய்ந்த தண்டை மாற்றுங்கள், மோட்டார் பிழைக்கும்!

காலை 6 மணி. தாம்பரத்தில் ஒரு வீடு. சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் மோட்டார் "கடகட" என்று அலறுகிறது. "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்கிறார் வீட்டுக்காரர்.

அந்தக் கொஞ்ச நாள்தான் வினை!

சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் கிணற்றையும் போர் தண்ணீரையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. அங்கே மோட்டார் நின்றால் அடுப்படியும் நின்றுவிடும்.

தண்டு ஏன் தேய்கிறது?

மோட்டாரின் முதுகெலும்பு அதன் தண்டு. பட்டறையில் அதை "ஷாப்ட்" என்பார்கள். அதை இரண்டு பேரிங்குகள் தாங்குகின்றன. பேரிங் தண்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். பம்பின் சீல் கசிந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும். பேரிங் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். அப்போது தண்டு மட்டும் அதற்குள் சுழன்று தேயும்.

பிறகு தண்டு ஆடும். சுற்றும் பகுதிக்கும், அதைச் சூழ்ந்து நிற்கும் பகுதிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் கூடப் பெரும்பாலும் இராது. இரண்டும் உரசும். காயில் கருகும். தண்டோடு போக வேண்டிய செலவு மோட்டாரையே விழுங்கிவிடும்!

ஒட்டுப் போடலாமா?

சிலர் தேய்ந்த இடத்தில் பஞ்சால் புள்ளி குத்திப் பேரிங்கை ஏற்றுகிறார்கள். அது நிலைக்காது. சிலர் வெல்டிங் வைத்துக் கடைகிறார்கள். பக்குவம் தவறினால் சூட்டில் தண்டு வளைந்துவிடும்.

லேத்துப் பட்டறையில் புதுத் தண்டு கடைந்து போடுவதே முறை. அளவிலும் கவனம் வேண்டும். 6203 பேரிங்கின் துளை 17 மில்லிமீட்டர். தேய்ந்த இடத்தை அளந்து கடைந்தால் புதுத் தண்டும் தளர்ந்தே இருக்கும்! பேரிங்கையும் சீலையும் கூடவே மாற்ற வேண்டும். நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து போடுவதில் என்ன பயன்?

ரெயில் சொல்லும் பாடம்

தாம்பரத்துக்கு மின்சார மோட்டார் புதிதல்ல. 1931-ம் ஆண்டிலேயே கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. ரெயில் மோட்டாரைக் கெடும்வரை விட்டுவைப்பதில்லை. குறித்த காலத்தில் பணிமனைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கிறார்கள்.

வீட்டு மோட்டாருக்கும் அந்தக் கவனிப்பு வேண்டாமா? புதுச் சத்தம் கேட்ட அன்றே சுவிட்சை நிறுத்தி, மெக்கானிக்கை அழைப்பதே சிக்கனம். சத்தம் என்பது மோட்டார் விடும் எச்சரிக்கை. அதைக் கேட்கும் வீட்டில் தண்ணீர்க் கவலை குறையும்.