கேள்வி கேட்டா விசுவாசம் இல்லையா?

எங்க ஊர் சிறுவாச்சூர். மதுரையை எரிச்ச கண்ணகி ஆத்திரத்தோட வந்து இங்கதான் சாந்தமானாள், அவதான் மதுர காளின்னு ஐதீகம். கோபத்தோட வந்தவளுக்கு ஊரே இடம் கொடுத்திருக்கு. ஆனா நான் போகிற சர்ச்சில் கோபத்தோட வர்றவருக்கு உட்கார இடமில்லை :-(

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்த பக்தர்கள் எத்தனையோ பேரை சுனாமி வாரிக்கொண்டு போனது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "ஏன்?"னு கேட்டா, "ஆண்டவர் சித்தம், கேட்கக் கூடாதும்மா"ன்னு வாயை அடைக்கிறது விசுவாசமா?

பைபிளைப் படிங்க சாமிகளா. யோபு கடவுளிடமே நியாயம் கேட்டார். அவருக்கும் திட்டு விழுந்தது, இல்லைன்னு சொல்லலை. ஆனா கடைசியில் கடவுள் கோபப்பட்டது அவருக்கு உபதேசம் பண்ணின நண்பர்கள் மேல்தான். 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடியுது. அதையும் வேதத்தில்தானே வெச்சிருக்காங்க?

சந்தேகமா? காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன்னு அடம்பிடித்த தோமா பேரில்தான் சென்னை சாந்தோம் பேராலயமே இருக்கு. அன்னை தெரசாவின் உள்மன இருட்டு 2007ல் வெளியான அவரது கடிதங்களில் தெரிஞ்சது. 2016ல் புனிதர் பட்டம் கொடுத்தாங்க.

இதையெல்லாம் பேசினா நம்பிக்கை போயிடும்கிறாங்க. எர்ரர் மெசேஜை மறைச்சா பக் சரியாயிடுமா? சண்டை போடுறவர் இன்னும் கடவுள்கிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்கார். சத்தமில்லாம எழுந்து போறவங்கதான் திரும்பி வர்றதில்லை.

யோபுவின் நண்பர்கள் முதல் 7 நாள் பேசாம பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. வாயைத் திறந்ததுதான் தப்பு. துக்க வீட்டுக்குப் போறவங்க அந்த 7 நாளை மட்டும் கத்துக்கிட்டா போதும்.